பெருங்கோள்களின் பிறப்பும் தமிழ் வினைச்சொற்களும்

வியாழனும் சனியும் தமிழருக்குப் புதியவை அல்ல. சங்கப் பாடலிலேயே சனி 'மைம்மீன்' என்னும் பெயருடன் வருகிறது. வியாழன் வானத்தை ஒருமுறை வலம்வர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அந்தக் கணக்கை ஒட்டியே குடந்தையில் மாமாங்கம் கொண்டாடப்படுகிறது. ஜொகூர் பாருவின் கோயில்களிலும் குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் மக்கள் மறவாத நாள்கள். இக்கோள்கள் எங்கே நிற்கின்றன, எவ்வளவு விரைவில் நடக்கின்றன என்பவற்றைத் தமிழர் நுட்பமாக அறிந்திருந்தனர். அவை எவ்வாறு பிறந்தன என்னும் வினாவே பிற்காலத்தது. ஐரோப்பாவிலும் அவ்வினா முறையாக ஆராயப்பட்டது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளிலேதான்.

இன்று அவ்வினா தொலைவில் நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு, நாட்டுக்கு ஒன்றாக ஒரு விண்மீனையும் அதனைச் சுற்றும் ஒரு கோளையும் ஒதுக்கிப் பெயரிடும் உரிமையை அளித்தது. மலேசியா தன் விண்மீனுக்கு 'இந்தான்' என்றும் கோளுக்கு 'பைடூரி' என்றும் பெயர் சூட்டியது. இந்தான் என்பது மலாய்மொழியில் வைரம். பைடூரி என்பது ஒருவகை மணி. நவமணிகளுள் ஒன்றாகிய வைடூரியத்தின் உறவுச்சொல்லே பைடூரி. ஆதலின் தமிழ்ச் செவிக்கு அது அயலாகத் தோன்றாது. ஏறத்தாழ 156 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அக்கோள், வியாழனைப்போல் ஏறக்குறைய இரு மடங்கேனும் பொருண்மை உடையது. இந்தியா பெயரிட்ட 'சந்தமசா', இலங்கை பெயரிட்ட 'சமகிய', சிங்கப்பூர் பெயரிட்ட 'விக்குலுஸ்' ஆகியவையும் இத்தகைய பெருங்கோள்களே. தமிழர் வாழும் நான்கு நாடுகளும் பெயர் சூட்டிவிட்டன. பெயரைக் கற்ற மாணவன் அடுத்துப் பிறப்பைக் கேட்பான். அவனுக்குத் தமிழில் தரப்படும் விடை சரியானதா என்பதே ஆராயத்தக்கது.

தமிழில் இவ்வினாவுக்கு மூவகை விடைகள் வழங்குகின்றன. கோள்கள் சூரியனிலிருந்து பிய்ந்து விழுந்தவை என்பது ஒன்று. வியாழன் விண்மீனாக முயன்று தோற்றுப்போன வாயு உருண்டை என்பது மற்றொன்று. தூசியும் பனியும் திரண்டு நடுவே ஓர் உள்ளகம் ஆகி, அது வாயுவை இழுத்துக்கொண்டது என்பது மூன்றாவது. சில வேளைகளில் ஒரே கட்டுரையிலேயே இம்மூன்றும் கலந்து கிடக்கும். 'உருவாயிற்று' என்னும் ஒரே வினைச்சொல் மூன்றுக்கும் போர்வையாக அமைந்துவிடுவதே இதற்குக் காரணம். பிய்தல், சுருங்குதல், திரளுதல் என்பன வெவ்வேறு வினைகள். வினை மாறினால் வரலாறே மாறும்.

இது வெறும் சொற்சண்டை அன்று. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் மலேசியப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதனுள் அடங்கின. அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது அதே வழக்கு வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. தமிழால் அறிவியலைச் சொல்ல முடியுமா என்று கேட்பாருக்கு மொழிப்பெருமை பேசுவது விடையாகாது. அரியதொரு கருத்தைப் பிழையின்றித் தமிழில் சொல்லிக் காட்டுவதே விடையாகும்.

பிய்ந்து விழுந்தவையா?

முதல் விடையின் மூலம் பழையது. வால்மீன் ஒன்று சூரியனில் மோதியதால் தெறித்த பொருளே கோள்களாயிற்று என்று 1749-இல் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் எழுதினார். வேறொரு விண்மீன் அருகே கடந்து சென்றபோது சூரியனிலிருந்து பொருளை ஈர்த்து இழுத்தது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜீன்ஸ் முதலியோர் அதனைத் திருத்திச் சொன்னார்கள். 'பூமி சூரியனின் ஒரு துண்டு' என்னும் பேச்சு வகுப்பறைகளில் பரவியது இத்தகைய கொள்கைகளின் செல்வாக்கால்தான்.

இக்கொள்கை நிலைக்கவில்லை. சூரிய மண்டலத்தின் பொருண்மையில் நூற்றுக்கு 99.8 பங்குக்கு மேல் சூரியனிடமே உள்ளது. சுழற்சியின் கணக்கோ நேர்மாறானது. மண்டலத்தின் கோண உந்தத்தில் மிகப் பெரும்பங்கு கோள்களிடம் உள்ளது, அதிலும் பாதிக்கு மேல் வியாழனுக்கு உரியது. பிய்ந்து வந்த துண்டுக்கு இவ்வளவு உந்தம் எங்கிருந்து வந்தது என்று 1930-களில் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் வினவினார். சூரியனிலிருந்து இழுக்கப்பட்ட கொதிக்கும் வாயு உறைந்து கோளாகாது, சிதறியே போகும் என்று 1939-இல் லைமன் ஸ்பிட்சர் காட்டினார். அத்துடன் அறிவியலில் அவ்வழக்கு முடிந்தது. பேச்சு வழக்கிலோ இன்னும் முடியவில்லை.

தோற்றுப்போன விண்மீனா?

இரண்டாம் விடை கேட்பதற்கு இனியது. வியாழனிலும் சூரியனிலும் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமுமே. ஆதலின், இன்னும் சிறிது பெரிதாக இருந்திருந்தால் வியாழனும் சுடர்விட்டிருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்தச் 'சிறிது' எவ்வளவு என்பதை முதலில் காணவேண்டும். வியாழனின் பொருண்மை பூமியைப்போல் 318 மடங்கு. சூரியனின் பொருண்மை வியாழனைப்போல் ஏறத்தாழ 1,047 மடங்கு. விண்மீனாக எரிவதற்கு வேண்டிய குறைந்த அளவு சூரியனின் பொருண்மையில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் உள்ளது என்று இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வானநூலார் சிவ் குமார் 1963-இல் கணித்துக் காட்டினார். அந்த எல்லையைத் தொடவேண்டுமானால் எழுபதுக்கு மேற்பட்ட வியாழன்கள் ஒன்றுசேர வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே நின்றுவிட்ட உருண்டைகள் உண்மையிலேயே விண்வெளியில் உண்டு. 1975-இல் ஜில் டார்ட்டர் அவற்றிற்கு வழங்கிய பெயரையொட்டித் தமிழில் அவை பழுப்புக் குறுமீன்கள் எனப்படுகின்றன. தோற்ற விண்மீன் என்னும் பட்டம் அவற்றிற்கே பொருந்தும்.

அளவைக் காட்டிலும் பெரிய பிழை பிறப்பு முறையில் உள்ளது. தோற்றவன் என்று ஒருவனைச் சொல்லவேண்டுமானால், அவன் அந்தப் போட்டியில் கலந்துகொண்டிருக்க வேண்டும். விண்மீன் பிறப்பது வாயு முகில் தன் ஈர்ப்பாலேயே சரிந்து சுருங்குவதால். வியாழன் பிறந்தது சிறியது பெரிதாக வளர்ந்ததால். ஒன்று மேலிருந்து கீழே இறங்கும் வழி. மற்றொன்று கீழிருந்து மேலே ஏறும் வழி. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்திலிருந்து வியாழனின் வாயு மண்டலத்துள் இறங்கிய ஆய்கருவி, அங்கே கரி முதலிய சில தனிமங்கள் சூரியனில் உள்ள விகிதத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கக் கண்டது. சூரியனைப் பெற்ற அதே முகிலின் ஒரு துண்டு அப்படியே சுருங்கி வியாழன் ஆயிற்று என்றால் இந்த வேறுபாடு எளிதில் விளங்காது. திடப்பொருளை மிகுதியாக உண்டு வளர்ந்தது என்றால் விளங்கும்.

திரண்டு வளர்ந்த வழி

மூன்றாவது விடையே இன்று பெரும்பாலான வானநூலார் ஏற்பது. சூரியன் பிறந்தபோது, ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன், அதனைச் சுற்றி வாயுவும் தூசியும் நிறைந்த ஒரு வட்டு சுழன்றது. அதில் நூற்றுக்கு 99 பங்கு வாயு. எஞ்சிய ஒரு பங்கே தூசி. அந்த ஒரு பங்கிலிருந்துதான் கதை தொடங்குகிறது. இக்கொள்கைக்கு அடிப்படை இட்ட நூல்களுள் ஒன்று, ருஷ்ய அறிஞர் விக்டர் சஃப்ரோனொவ் 1969-இல் வெளியிட்டது. அதன் படிகளை ஐந்து தமிழ் வினைகளால் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

முதலாவது, ஒட்டுதல். கண்ணுக்குப் புலனாகாத தூசித்துகள்கள் மெதுவாக மோதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இங்கே ஈர்ப்புவிசைக்கு வேலை இல்லை. 'ஈர்ப்பால் தூசி சேர்ந்தது' என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுவது பொதுவான பிழை.

இரண்டாவது, குவிதல். கூழாங்கல் அளவை எட்டியபின் ஒட்டுதல் தடைபடுகிறது. மோதும் கற்கள் ஒட்டாமல் தெறிக்கின்றன அல்லது நொறுங்குகின்றன. அதனினும் பெரியவை வாயுவின் உராய்வால் வேகம் குன்றிச் சூரியனை நோக்கிச் சரிகின்றன. பூமி இருக்கும் தொலைவில் ஒரு மீட்டர் அளவுள்ள பாறை நூறு ஆண்டு அளவிலேயே சூரியனில் விழுந்துவிடும். இத்தடையைக் கடக்கும் வழியை 2005-இல் யூடின், குட்மன் என்னும் இருவர் காட்டினர். வாயுவினூடே செல்லும் கூழாங்கற்கள் தாமே கூட்டங்கூட்டமாகக் குவிகின்றன. அக்கூட்டம் போதிய அளவு செறிந்ததும் தன் ஈர்ப்பால் இறுகி, நூறு கிலோமீட்டர் அளவுள்ள பாறைத் திரளாகிவிடுகிறது.

மூன்றாவது, ஈர்த்தல். பாறைத் திரள்களுள் பெரியது மற்றவற்றையும் கூழாங்கற்களையும் தன்பால் இழுத்து உள்ளகமாக வளர்கிறது. சூரியனிலிருந்து பூமியின் தூரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவுக்கு அப்பால் நீராவி பனியாக உறைந்துவிடும்; ஆகவே அங்கே திடப்பொருள் மிகுதி. வியாழன் பூமியைப்போல் 5.2 மடங்கு தொலைவில் இருப்பதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

நான்காவது, போர்த்தல். வளரும் உள்ளகம் சுற்றியுள்ள வாயுவைப் போர்வைபோல் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. போர்வையின் வெப்பமும் அழுத்தமும் வாயு மேலும் உள்ளே சரியாதபடி தாங்கிநிற்கின்றன.

ஐந்தாவது, பெருகுதல். உள்ளகம் பூமியைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகும்போது அந்தத் தாங்கல் தளர்கிறது என்று 1980-இல் ஜப்பானிய அறிஞர் மிசுனோ கணித்தார். போர்வையின் பொருண்மை உள்ளகத்தின் பொருண்மைக்கு இணையானதும் வாயு கட்டுக்கடங்காமல் பாய்கிறது. வியாழனின் பெரும்பகுதி வந்து சேர்ந்தது இந்தக் கடைசிப் படியிலேதான்.

தாழி உடையும் காலம்

இக்கொள்கைக்கு உயிர்நாடி காலம். இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள வாயு வட்டுகள் நெடுநாள் நிற்பதில்லை. 2001-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, முப்பது இலட்சம் ஆண்டுகளில் பாதி விண்மீன்கள் தம் வட்டை இழக்கின்றன. அறுபது இலட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இழந்துவிடுகின்றன. உள்ளகம் அதற்கு முன் பருத்துவிட்டால் பெருங்கோள் பிறக்கும். பிந்தினால் இழுப்பதற்கு வாயு இராது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

யுரேனசும் நெப்டியூனும் அந்நிலைக்குச் சான்று எனக் கருதப்படுகின்றன. அவற்றின் பொருண்மை முறையே பூமியைப்போல் 14.5 மடங்கும் 17 மடங்கும் ஆகும். அதில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறுபங்கே. அவற்றிற்கு உள்ளகம் திரண்டது. ஆனால் ஐந்தாம் படிக்குக் காலம் வாய்க்கவில்லை. அவற்றை வியாழனோடு சேர்த்து 'வாயுக் கோள்கள்' என்று ஒரே பெயரால் அழைப்பது இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

காலக்கணக்கே இக்கொள்கைக்கு நெருக்கடியையும் தந்தது. 1996-இல் வெளிவந்த பொல்லாக் குழுவினரின் கணக்கின்படி வியாழன் வளர ஏறத்தாழ எண்பது இலட்சம் ஆண்டுகள் ஆயின. வட்டின் ஆயுளோ அதனினும் குறைவு. தாழி உடைந்த பிறகும் வெண்ணெய் திரளவில்லை என்பதாயிற்று. கூழாங்கற்களை உண்டு உள்ளகம் விரைவாக வளரமுடியும் என்று 2010, 2012 ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டியபின் இந்நெருக்கடி பெரிதும் தணிந்தது.

சான்றுகளும் வந்து சேர்ந்தன. இரும்பு முதலிய கனத்த தனிமங்கள் மிகுந்த விண்மீன்களிடமே பெருங்கோள்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று 2005-இல் ஃபிஷரும் வாலென்ட்டியும் காட்டினர். திடப்பொருள் மிகுதியானால் உள்ளகம் விரைந்து திரளும் என்பதற்கு இது பொருந்தும். விண்கற்களின் தனிமக் கூறுகளை அளந்த குழுவொன்று, வியாழனின் உள்ளகம் சூரிய மண்டலத்தின் முதல் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே பூமியைப்போல் இருபது மடங்கு ஆகிவிட்டது என்று 2017-இல் எழுதியது. 2018-இல் ஓர் இளம் விண்மீனின் வட்டிலிருந்த இடைவெளியில், பிறந்துகொண்டிருக்கும் பெருங்கோள் ஒன்று நேரே படம்பிடிக்கப்பட்டது. அது ஹைட்ரஜனை இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதும் அறியப்பட்டது.

கொள்கைக்கும் குறை உண்டு

மூன்றாம் விடையையும் மறுவிசாரணை இன்றி ஏற்பது முறையன்று. 2016-இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் அதன் ஈர்ப்பை நுட்பமாக அளந்தது. நடுவே கல்லுருண்டைபோல் இறுகிய உள்ளகம் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. கனத்த பொருள்கள் வாயுவுடன் கலந்து, கோளின் ஆரத்தில் ஏறக்குறையப் பாதிவரை பரவிக் கிடப்பதாக 2017-இல் முடிவுகள் வெளிவந்தன. பெருமோதல் ஒன்று உள்ளகத்தைக் கலக்கிவிட்டது என 2019-இல் ஒரு விளக்கம் தரப்பட்டது. அதனை எல்லாரும் ஏற்கவில்லை.

மேலிருந்து இறங்கும் வழியும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வட்டே நிலைகுலைந்து துண்டுகளாகச் சரிந்து, மிகக் குறுகிய காலத்தில் பெருங்கோள் ஆகலாம் என்னும் பழைய கருத்தை 1997-இல் ஆலன் பாஸ் புதுப்பித்தார். தன் விண்மீனுக்கு மிகத் தொலைவில் சுற்றும் சில பெருங்கோள்களுக்கு அவ்வழி பொருந்தக்கூடும். 2019-இல், சூரியனில் எட்டில் ஒரு பங்கு பொருண்மைகூட இல்லாத சிறு விண்மீன் ஒன்றைச் சுற்றிப் பெருங்கோள் கண்டறியப்பட்டதும் திரளுதல் கொள்கைக்கு ஒரு சோதனையே.

இந்தியாவிலிருந்து வந்த சான்று ஒன்றும் இங்கே கருதத்தக்கது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் அபு மலைத் தொலைநோக்கியின் உதவியால் 2023-இல் அறிவித்த ஒரு கோள், வியாழனைப்போல் ஏறத்தாழப் பதின்மூன்று மடங்கு பொருண்மை உடையது. அதன் ஆரமோ ஏறக்குறைய வியாழனின் ஆரமே. கோளுக்கும் பழுப்புக் குறுமீனுக்கும் இடையே வழக்கமாக இடப்படும் கோடும் அந்தப் பதின்மூன்றிலேதான் உள்ளது. எடையை மட்டும் அளந்து அது எந்த வழியில் பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

பைடூரிக்குத் திரும்பினால் வேறொரு பாடம் கிடைக்கிறது. அது 381 நாள்களில் தன் விண்மீனைச் சுற்றுகிறது. அதன் பாதை மிக நீண்ட நீள்வட்டம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் கால் பங்குவரை நெருங்கி, பின் ஒன்றரை மடங்குக்கும் அப்பால் விலகுகிறது. பனி மிகுந்த தொலைவில் திரண்ட கோள் பிறகு இடம்பெயர்ந்தது என்பதே இத்தகைய கோள்களுக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். ஆகவே பிறந்த இடமும் இருக்கும் இடமும் ஒன்றென எண்ணலாகாது.

பெயரினும் வினை வலிது

இனிக் கலைச்சொல்லைப் பற்றி ஒரு கருத்து. இக்கொள்கைக்குக் 'கருத்திரட்சி' என்று பெயரிடுவார் உளர். அச்சொல்லைக் கருத்து என்று பிரித்து மயங்க இடமுண்டு. மேலும், கரு என்றால் முழு உடலின் அமைப்பும் முன்னரே உள்ளடங்கியது என்னும் எண்ணம் தமிழ் மனத்தில் எழும். வியாழனின் பெரும்பகுதியோ வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. 'உள்ளகத் திரட்சி' என்பது இவ்விரு மயக்கத்தையும் ஓரளவு தவிர்க்கும். ஜூனோவின் முடிவுக்குப் பின் உள்ளகம் என்னும் சொல்லும் இறுகிய கல்லைக் குறிப்பதாகக் கொள்ளப்படலாகாது.

பெயர்ச்சொல் இவ்வாறு திருத்தம் பெற்றுக்கொண்டே இருக்கும். 1977 மார்ச் 10 அன்று, யுரேனசு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியைச் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நிலையத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அளந்தனர். கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி மங்கியது கண்டு, யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று எழுதினர். அதே நிகழ்ச்சியைப் பிற இடங்களிலிருந்து கண்டோரின் அளவைகளும் ஒப்பிடப்பட்டபோது, ஒளியை மறைத்தவை யுரேனசின் வளையங்கள் எனத் தெளிவாயிற்று. 'துணைக்கோள்' என்னும் பெயர் மாறியது; 'மங்கியது' என்னும் வினை மாறவில்லை. அவர்கள் கண்டது உண்மை என்பதால் அந்த அளவை இன்றும் மதிக்கப்படுகிறது.

தமிழாசிரியருக்கு இதில் பயன் உண்டு. புதிய கலைச்சொற்கள் வந்து சேரும்வரை அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒட்டுதல், குவிதல், ஈர்த்தல், போர்த்தல், பெருகுதல் ஆகிய ஐந்தும் எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவனும் அறிந்த சொற்கள். அவற்றைக் கரும்பலகையில் எழுதி, வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று மாணவனையே கேட்கலாம். போர்த்தல் முன்னும் ஈர்த்தல் பின்னும் வந்தால் கதை நடவாது என்பதை அவனே கண்டு சொல்வான். வட்டு கலைந்தபின் பெருகுதல் இல்லை என்பதைத் தாழியும் வெண்ணெயும் அவனுக்கு விளக்கிவிடும். அதன் பிறகு வியாழனைத் தோற்றுப்போன விண்மீன் என்று யாரேனும் சொன்னால், அது எந்தப் போட்டியில் தோற்றது என்று திருப்பிக் கேட்கும் தெளிவு அவனுக்கு வந்திருக்கும்.